வியூவுக்கு விலை உண்டு, காணிக்கு உறுதி இல்லை

இலங்கை மலையகத்தில், டூரிஸ்ட்டுகள் குவியும் எல்ல டவுனில் மாமாவின் சலூன் இருந்த இடத்தில் இப்போது ஸ்மூத்தி விற்கிறார்கள். போன கிழமை அந்த வழியாகப் போனேன். மாமா சீப்பு, கத்திரிக்கோல் வைத்திருந்த மரத் தட்டு சுவரில் அப்படியே இருக்கிறது. அதன் மேல் கள்ளிச்செடித் தொட்டிகள். பழைய லுக்குக்காக விட்டு வைத்தார்களாம்.

22 வருடம் அங்கே முடி வெட்டியவர். கடைசியாக அக்ரிமென்ட் புதுப்பிக்கப் போனபோது வாடகை நாலு மடங்கு என்றார் முதலாளி. "நான் ஒரு தலைக்கு எவ்வளவு வாங்குறேன்னு தெரியும்தானே?" என்று மாமா கேட்டிருக்கிறார். முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக் கட்டடம் என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்கும் தெரியும்தானே. மாமா இப்போது பண்டாரவளையில், ஒரு பழைய மாடியில்.

லண்டனில் தொழிலாளர் தெருக்களுக்கு வசதியானவர்கள் குடிவர, இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறியதைப் பார்த்து 1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் இதற்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பேர் வைத்தார். ஏன் நடக்கிறது என்பதற்கு 1979இல் நீல் ஸ்மித் சொன்னதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: ஒரு இடத்தில் இப்போது கிடைக்கும் வாடகைக்கும் கிடைக்கக்கூடிய வாடகைக்கும் இடைவெளி பெருத்தால், காசு அங்கே பாயும். எல்லயின் ஒன்பது வளைவு ரயில் பாலம் 1921இலிருந்து நிற்கிறது. இன்ஸ்டாகிராம் வந்த பிறகுதான் அந்தப் பக்கத்து வியூவுக்கு இப்படி விலை ஏறியது.

நல்லதும் நடந்திருக்கிறது. கொழும்புக் கடைகளுக்குப் போயிருக்க வேண்டிய பொடியன்கள் ஊரிலேயே ஆட்டோ ஓட்டுகிறார்கள், ஹோட்டல்களில் நிற்கிறார்கள். சரி.

ஆனால் லண்டனில் சொந்த வீடு வைத்திருந்தவனாவது நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போயிருப்பான். தேயிலைத் தோட்டத்து நம் ஆட்கள் எதை விற்பது? தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து கம்பெனிகள் கையில் குத்தகையாக ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களில் பெரும்பாலானோரிடம் இன்னும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி தருவோம் என்ற பேச்சு ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் வரும், அப்புறம் போய்விடும். அதனால் காணி விலை ஏறினால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. டவுனில் மரக்கறி விலை ஏறினால் மட்டும் அது நேராக அவர்கள் அடுப்புக்கு வந்து சேரும்.

அத்தை வீட்டு லயக் காம்பரா வாசலில் நின்றால் எல்ல மலை முழுசாகத் தெரியும். கொஞ்சம் கீழே இருக்கிற ஹோட்டலில் அதே மலையைப் பார்க்கிற அறைக்கு, அத்தையின் இருபது நாள் சம்பளம் ஒரு இரவுக்குப் போய்விடும். அவருடைய நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024இல்தான். இதைச் சொன்னதும் அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப நம்ம லயத்துக்கும் ஒரு போர்டு எழுதிப் போடு தம்பி. அதுக்கு முந்தி அந்த ஒழுகுற தகரத்த மாத்திக் குடு."