இரும்பு செய்யும் வேலைக்கு ருத்தேனியம் எதற்கு?

ஹைட்ரஜன் எரிபொருள் என்று பேச்செடுத்தாலே தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மெத்தனால் போன்ற எளிய ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் ஆய்வுக்கு அந்தக் கவனத்தில் பாதியாவது கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹைட்ரஜனைச் சேமிப்பது பெரும்பாடு. அதைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். அத்தனை பாடுபட்டும் ஒரு லிட்டரில் 71 கிராம்தான் தேறும். சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் மெத்தனாலிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 99 கிராம் ஹைட்ரஜன் அடங்கியிருக்கிறது. நீரோடு வினைபுரியும்போது ஒரு மெத்தனால் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்கும்.

பிரிப்பதில்தான் சிக்கல். தொழிற்சாலை முறையில் செம்பு வினையூக்கியை வைத்து 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். நம் கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதியோ 37 டிகிரி உடல் சூட்டிலேயே ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றித் துணை மூலக்கூறு ஒன்றிடம் ஒப்படைத்துவிடுகிறது. அதை வாயுவாக வெளியேற்றும் கலை, ஹைட்ரஜனேஸ் நொதி கொண்ட நுண்ணுயிர்களுக்குத் தெரியும். ஹைட்ரஜனேஸ்களின் மையத்தில் இருப்பவை இரும்பும் நிக்கலும்தான்!

அங்கே உலோகம் தனியாக உழைப்பதில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இரட்டை இரும்பு ஹைட்ரஜனேஸில் இரும்பை ஒட்டியே ஒரு நைட்ரஜன் அணு அமர்ந்திருக்கிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜனான ஹைட்ரைடை இரும்பு பிடித்துக்கொள்ள, நேர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜனான புரோட்டானை நைட்ரஜன் கொண்டுவந்து கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜனாக வெளியேறுகின்றன. நொதியின் பெரும் புரத உடலை நாம் படைக்க வேண்டியதில்லை. இந்தக் கூட்டுவேலையை ஒரு சிறிய மூலக்கூறுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும்.

2013-இல் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் வேதியியலாளர் மத்தியாஸ் பெல்லரின் குழு, ருத்தேனியம் என்ற அரிய உலோகத்தைக் கொண்டு உருவாக்கிய வினையூக்கியிலும் உலோகத்தின் பக்கத்தில் நைட்ரஜன் உண்டு. 100 டிகிரிக்குக் கீழே, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், காரம் கலந்த மெத்தனாலிலிருந்து அது ஹைட்ரஜனைத் தந்தது. ஒரு வினையூக்கி மூலக்கூறு 3,50,000 முறைக்கு மேல் வேலை செய்தது. மகத்தான சாதனைதான். ஆனாலும் அதே ஆண்டு அங்கிருந்தே வந்த இரும்பு வினையூக்கியை அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அது எட்டியது சுமார் 10,000 முறைதான். இருக்கட்டுமே! ருத்தேனியம் பிளாட்டினச் சுரங்கங்களின் துணைவிளைபொருள். உலகம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சில பத்து டன்களே கிடைக்கும். அதை நம்பி எரிபொருள் திட்டம் போடக் கூடாது. ஆய்வுப் பணம் இரும்புக்கும் மாங்கனீசுக்கும் போக வேண்டும்.

கரியமில வாயுவும் வெளிவருமே என்று கேட்பீர்கள். வரும். இன்றைய மெத்தனாலில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் தயாராவது. தாவரக் கழிவிலிருந்தோ, பிடித்துச் சேகரித்த கரியமில வாயுவிலிருந்தோ தயாரித்த மெத்தனால் அல்லாதவரை இதைப் பசுமை எரிபொருள் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வேகத்தை மட்டும் அறிவிக்காதீர்கள். வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்கியது, எவ்வளவு காரம் கார்பனேட்டாக மாறி வீணானது, வாயுவில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிமின்கலத்தில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தை முடக்க, பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு கார்பன் மோனாக்சைடே போதும்.