இன்காக்னிட்டோவில் போக்கர் ஆடினால் ஆபத்தில்லையா?

பெங்களூருவில் அல்சூர், சிவாஜிநகர் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிவருகிறது: 'பிரவுசரை இன்காக்னிட்டோ என்ற தனிப்பட்ட முறையில் திறந்தால் அலுவலக லேப்டாப்பிலும் பிரவுசிங் சென்டரிலும் தைரியமாகப் பணம் கட்டிப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடலாம், எந்தத் தடயமும் இருக்காது.' இது தவறு.

இன்காக்னிட்டோ செய்வதெல்லாம், சாளரத்தை மூடிய பிறகு பார்த்த தளங்களின் பட்டியலையும் தளங்கள் சேமித்துவைக்கும் சிறு கோப்புகளான குக்கிகளையும் அந்தக் கணினியில் விட்டுவைக்காமல் இருப்பது மட்டுமே. குரோமில் அதைத் திறந்தவுடன் கருப்புப் பக்கத்தில் தோன்றும் அறிவிப்பே, நீங்கள் செல்லும் தளங்களும் உங்கள் நிறுவனமும் இணையச் சேவை வழங்குநரும் உங்கள் நடவடிக்கையைக் காணக்கூடும் என்று சொல்கிறது. அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறோம். பொதுக் கணினியில் விசைகளைப் பதிவு செய்யும் மென்பொருளை யாராவது நிறுவியிருந்தால், நீங்கள் தட்டும் கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் அப்படியே அவர்கள் கைக்குப் போகும். இறக்கிய கோப்புகளும் அங்கேயே இருக்கும்.

இதைவிட முக்கியமானதைச் செய்தி மறைக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறமை சார்ந்ததா அதிர்ஷ்டம் சார்ந்ததா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடை செய்கிறது; மீறி நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே, இன்று பணம் கேட்கும் போக்கர் தளத்தில் கட்டிய தொகை திரும்பாவிட்டால் முறையிட்டு மீட்பது மிகக் கடினம். ஏற்கெனவே பணம் பறிபோயிருந்தால், தயங்காமல் உடனே 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.