எழுத்துப்பிழை மட்டும் பாருங்க அண்ணா

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்றை அனுப்பி, "எழுத்துப்பிழை மட்டும் பாருங்க அண்ணா, நைட்டு போடணும்" என்றான். பேப்பர் போட்டுவிட்டானாம், அதாவது வேலையை ராஜினாமா செய்துவிட்டான். அதை ஊரறியச் சொல்லும் பதிவு. மேலாளரின் பெயர் இல்லை, ஆனால் அந்த அலுவலகத்தில் யார் படித்தாலும் ஆளைத் தெரிந்துகொள்ளும்படி கிழித்திருந்தான். எழுத்துப்பிழை நான்கைந்துதான் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் என் கடைசி வேலை நாளன்று இரவு நானும் இப்படி ஒன்று போட்டவன். லைக் குவிந்தது. "செம தல" என்றார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் மறந்துபோனார்கள், எங்கள் டீம் லீடரைத் தவிர. நான் திட்டியது நிர்வாகத்தை. ஆனால் எழுதியதோ "எனக்கு மேலே இருந்தவர்கள்" என்று. எனக்கு நேர் மேலே இருந்தவர் அவர்தான். நான் லீவு கேட்டபோதெல்லாம் மேலிடத்தில் மல்லுக்கட்டி வாங்கித் தந்த மனிதர். அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் வருவது மட்டும் நின்றுபோனது. நிறுவனத்தின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வில் எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "எங்களைப் பத்தியும் எழுதுவீங்களா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

உலகப் புகழ்பெற்ற ராஜினாமாக்களும் உண்டு. 2010இல் ஜெட்புளூ விமானப் பணியாளர் ஒருவர், பயணியோடு மூண்ட தகராறில் ஒலிபெருக்கியில் திட்டித் தீர்த்து, இரண்டு பீரை எடுத்துக்கொண்டு அவசரகாலச் சறுக்கில் இறங்கிப் போனார். சில நாள் நாயகன்தான். அப்புறம் வழக்கு, குற்ற ஒப்புதல், 10,000 டாலர் இழப்பீடு. 2012 மார்ச் 14 அன்று கிரெக் ஸ்மித் என்பவர், தான் வேலை பார்த்த கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியிலிருந்து விலகும் காரணத்தை நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அன்று அந்த வங்கியின் பங்கு 3.4 சதவீதம் சரிந்தது, அதே ஆண்டு அவர் புத்தகமும் வந்தது. சரி, நமக்கு அப்படி ஒரு பத்திரிகைப் பக்கத்தை யார் தருவார்கள்?

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது சூசன் ஃபௌலரைப் பற்றித்தான். ஊபரில் பொறியாளராக இருந்தவர். பாலியல் தொந்தரவு பற்றி மனிதவளத் துறையில் புகார் கொடுத்தும் பயனில்லை. 2016 டிசம்பரில் வெளியேறி, வேறு வேலையில் சேர்ந்த பிறகு, 2017 பிப்ரவரி 19 அன்றுதான் எழுதினார். புது டீமில் முதல் நாளே மேலாளரிடமிருந்து வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தவர் அவர். அந்தப் பதிவில் வசவு கிடையாது. யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது என்று வரிசையாக இருக்கும். ஜூனுக்குள் 20 பேருக்கு மேல் வேலை போனது, தலைமை நிர்வாகி டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். என் பதிவை இப்போது எடுத்துப் படித்தால் அதில் ஒரு தேதிகூட இல்லை. கோபம் மட்டும் கொட்டிக் கிடக்கிறது.

"வாயை மூடிக்கொண்டு போ" என்று புத்தி சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. நிறுவனங்கள் ஆளை அனுப்பும்போது பூங்கொத்து கொடுத்தா அனுப்புகின்றன? அநியாயம் நடந்திருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சம்பளப் பாக்கியும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஏன்? கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியம் காப்பது பற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டாவது எழுதலாமே. நான் படிக்கவில்லை. தப்பித்தது அதிர்ஷ்டம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டேன். இதில் எந்த வரிக்கு உன் கையில் மெயில் இருக்கிறது? இதைப் படித்தால் அங்கே இன்னும் வேலை பார்க்கிற யார் மாட்டுவார்கள்? கொஞ்ச நேரம் "டைப்பிங்" என்று காட்டிக்கொண்டே இருந்தது. பதில் வரவில்லை.

நேற்று விசாரித்தேன். பதிவு இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறதாம்.

"எழுத்துப்பிழை எல்லாம் திருத்திட்டேன் அண்ணா" என்றான்.