பாசிவ் என்றால் சும்மா இருப்பது இல்லை

"டிவைஸ் ட்ரீயில் பாசிவ் ட்ரிப் என்பது வெறும் ஹீட்சிங்கைக் குறிப்பது, ஃபேன் இருந்தால் அழித்துவிடலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அழிக்காதீர்கள். டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, விவரிக்கும் கோப்பு. ட்ரிப் என்பது அதில் எழுதும் வெப்பநிலை எல்லை; அதைத் தொட்டதும் கெர்னல் நடவடிக்கை எடுக்கும்.

லினக்ஸில் பாசிவ் என்றால் வெப்பம் உண்டாவதையே குறைப்பது, பெரும்பாலும் சிபியுவின் வேகத்தை இறக்குவது. ஃபேனை ஓட்டுவது ஆக்டிவ். ஹீட்சிங்கை இதில் இழுக்கவே வேண்டாம், அது சூட்டை வெளியேற்றும் வெறும் உலோகத் துண்டு, அதைக் கெர்னல் எப்படிக் கட்டுப்படுத்தும்? பாசிவ் இல்லாத போர்டில் ஃபேன் தூசி அடைத்து நின்றுபோனால், வேகத்தைக் குறைக்கக் கெர்னலிடம் வழியில்லை. சூடு ஏறி கிரிட்டிக்கல் எல்லையைத் தொட்டதும் கணினியை அணைத்துவிடும். சில சிப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சரி. எல்லாச் சிப்பையும் அப்படி நம்ப முடியாது.

அப்புறம், பாசிவ் ட்ரிப்பின் வெப்பநிலை 85000 என்று இருப்பது தட்டச்சுப் பிழை இல்லை. அலகு மில்லி செல்சியஸ், அதாவது 85 டிகிரி. அதை 85 என்று 'திருத்தினால்' 0.085 டிகிரி ஆகிவிடும். கிரிட்டிக்கலிலும் அதே கைவரிசையைக் காட்டினால் போர்டு பூட் ஆகும்போதே அணைந்துவிடும்!

ஃபேன் சேர்க்க வேண்டுமானால் பாசிவுக்குக் கீழே, 60000 போல, ஓர் ஆக்டிவ் ட்ரிப் எழுதி, கூலிங் மேப்பில், அதாவது எந்த ட்ரிப்புக்கு எந்தக் குளிர்விப்பு என்று சொல்லும் பகுதியில், அதை ஃபேனோடு இணையுங்கள். இணைக்காத ட்ரிப் எந்த ஃபேனையும் சுழற்றாது.