சாக்லேட் கோப்பையில் பழுப்பைத் தேடாதீர்கள்

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ‘சாக்லேட் கோப்பை’ ஓவியம் 1878இல் பாரிஸின் ‘சலோன்’ ஓவியக் கண்காட்சியில் ‘காபி’ என்ற பெயரில்தான் தொங்கியது. கோப்பையில் இருப்பது எதுவானாலும் படம் மாறவில்லை. பீங்கானிலும் பெண்ணின் தோலிலும் துணியிலும் வெளிச்சம் படுகிற விதம்தான் அங்கே விஷயம். ரெனுவார் பதின்ம வயதிலேயே பீங்கான் பட்டறையில் பூவேலை பழகியவர். கோப்பையின் வெள்ளை அவர் கைக்குப் புதிதல்ல.

இதைப் பார்த்து ஆயில் கலரில் வரைந்து பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் பழுப்பு ட்யூபைத்தான் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ட்யூப் பழுப்பை அப்படியே வைத்தால் கோப்பைக்குள் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். ஆரஞ்சு சாயல் சிவப்பு இரண்டு பங்கு, துளி மஞ்சள், அதில் அல்ட்ராமரின் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நீலத்தின் வலு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே தடவையில் கொட்டினால் கறுத்துவிடும். பானத்தின் நடுவில் இந்த அடர்த்தி, விளிம்பில் நுரைக்குச் சற்று வெளிறிய ஆரஞ்சு. அவ்வளவு போதும்.

உண்மையான கஷ்டம் வெள்ளையில். ரெனுவாரிடம் இருந்தது ஈய வெள்ளை. இன்று நம் கையில் இருக்கும் டைட்டானியம் வெள்ளை அதைவிட மிக வலுவானது, பக்கத்து நிறத்தை விழுங்கிவிடும். அதே அளவு கலந்தால் முகம்கூட சுண்ணாம்பு பூசியதாகிவிடும். அதில் பாதி அளவில் தொடங்குங்கள். கோப்பையின் வெளிச்சப் பக்கத்துக்குத் துளி மஞ்சள் சேர்த்த வெள்ளை, நிழலுக்குக் கோபால்ட் நீலமும் இளஞ்சிவப்பும், அடிப்பகுதியில் மேசைத்துணியின் நிறம் கொஞ்சம். கலப்பில்லாத வெள்ளை விளிம்பில் ஒரே ஒரு தொடுகை. தொட்டபின் திரும்ப அங்கே பிரஷ் போகக் கூடாது. ஈரத்தில் தேய்க்கத் தேய்க்கச் சேறாகும்.

இன்னொரு தப்பு வடிவத்தில். கோப்பை வாயின் நீள்வட்டத்தைவிட கீழே இருக்கும் சாஸரின் நீள்வட்டம் சற்று விரிந்து, வட்டத்துக்கு நெருக்கமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து இன்னும் இறங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே அளவு ஒடுக்கமாகப் போட்டால் கோப்பை சரிந்து விழுவதுபோல் இருக்கும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராகக் கூடாது.

கன்னத்துச் சிவப்புக்கு, பூச்சியிலிருந்து எடுக்கும் இயற்கைச் சிவப்பான கார்மைனை வாங்காதீர்கள். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் உள்ள ரெனுவாரின் 1883 மதாம் கிளாப்பிசோன் ஓவியத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது. படச்சட்டம் மறைத்த ஓரத்தில் மட்டும் பழைய அடர்த்தி தப்பியிருந்தது. குயினக்ரிடோன் ரோஸ் என்ற செயற்கை நிறத்தை வாங்குங்கள், நிற்கும்.