பிள்ளைகளுக்குத் தேன்பெட்டியோடு மழைக்காலத்தையும் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கம் தேனீ வளர்ப்பு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் தொழில். இந்த மண் திருவிதாங்கூரில் இருந்த 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கப்புறம் வாத்தியார் வேலை பார்த்தவர்கள் வீட்டு அப்பாக்கள்தான். இப்போது பல வீடுகளில் தேன் எடுக்கும் அன்றைக்கு மட்டும் "மக்ளே, வா" என்று கூப்பிடுகிறார்கள். அது போதாது.

ரப்பர் துளிர்க்கும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, இளம் இலைக்காம்பின் நுனியில் தேன் ஊறும். அப்போது யார் வளர்த்தாலும் ஈ நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெளியே தீனி இல்லாத மழையில் ஒரு கூட்டைக் காப்பாற்றுவதுதான் தொழில். அந்த மாதங்களில் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மகனுக்குத்தான் இது என்று மகளை ஒதுக்காதீர்கள்.

மழைக்காலத் தீனிக்குச் சீனியும் தண்ணீரும் சம அளவு. ஒரு பெட்டிக்கு வாரம் சுமார் 200 கிராம் சீனி போதும். சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க ஈர்க்குச்சி மிதக்கவிட்டு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். சாயங்காலம்தான் வைக்க வேண்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பலமான கூடு மெலிந்த கூட்டைக் கொள்ளையடிக்கும், எறும்பும் ஏறும். தாங்குகாலைச் சுற்றிய கிண்ணத்தில் தண்ணீர் வற்றக்கூடாது. ஈ மூடாத வெற்று அடைகளை எடுத்துவிடுங்கள், அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடையுங்கள். இல்லாவிட்டால் மெழுகுப்பூச்சி புழு வைத்து அடையைத் துளைக்கும், நம்ம நாட்டு ஈ கூட்டையே விட்டுப் பறந்துவிடும்.

அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கும் விதத்தைக் கையைப் பிடித்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். பெட்டிக்கு நேர் மேலே, செங்குத்தாகத் தூக்க வேண்டும். படுக்கவைத்தால் புது அடை ஒடிந்து விழும், ராணியும் போகும். வாசலுக்கு நேரே நிற்கக்கூடாது.

1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் 'தாய் (தாய்லாந்து) சாக்புரூட்' வைரஸ் நம்ம கூடுகளைக் காலி செய்தது. அதற்கு இன்றும் மருந்து இல்லை. மூடாத அறையில் புழு தலை தூக்கி, தண்ணீர்ப் பைபோல் செத்துக் கிடந்தால் அதுதான். நோயில் தப்பிய பலமான கூட்டிலிருந்து அக்டோபருக்குப் பிறகு பிரித்துப் பெருக்குவதே வழி. பெட்டி பிரிக்கும் அந்த மாதங்களிலும் பிள்ளை கூட இருக்கட்டும்.

தேன் எடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். பெட்டியில் தேன் சேரும் மேலறையில் முக்கால் பங்கு கண்ணறைகளுக்கு ஈ மூடி போட்ட பிறகே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரம் கூடிப் புளித்துவிடும். அடியறைத் தேனைத் தொடவே கூடாது, அது குஞ்சுகளின் சோறு. பெட்டி வைக்க இடம் தந்த தோட்டக்காரர் வீட்டுக்கு, வாடகை பேசினாலும் பேசாவிட்டாலும், ஒரு போத்தல் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை கையால் கொடுக்கட்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். பிறந்த குழந்தை நாக்கில் தாத்தா தேன் தொட்டு வைக்கும் சேனை. அதன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு சுத்தமான தேனிலும் தசைகளைச் செயலிழக்கவைக்கும் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், வீட்டில் காய்ச்சினாலும் சாகாது. ஒரு வயதுக்குள் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. முதல் பிறந்தநாள் கழிந்தபின் தாத்தாவே தன் பெட்டித் தேனைத் தொட்டு வைக்கட்டும்.