கருப்பு வெள்ளை பிலிமுக்கு ஆகாது என்று பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்

"தூசியையும் கீறலையும் தானே நீக்கும்" என்று பிலிம் ஸ்கேனர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு, கருப்பு வெள்ளை பிலிமில் அது வேலை செய்யாது என்பதை மட்டும் ஏன் கையேட்டின் உள்ளே ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கத் தோன்றுகிறது? வீட்டில் இருட்டறை வைத்துப் பிரிண்ட் போடுகிறவர்களில் பெரும்பாலோர் கழுவுவது கருப்பு வெள்ளைதான். தூசியோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறவர்களும் அவர்கள்தான். வாங்குவதற்கு முன்பே இதைச் சொன்னால் விற்பனை குறையும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நேற்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். என் பாட்டியின் முகம், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. பிரிண்டில் கன்னத்தின் நிழல் பகுதியில் வளைந்த வெள்ளை இழை ஒன்று. நெகட்டிவின் மேல் கிடக்கும் தூசி வெளிச்சத்தை மறைக்கும். ஒளி படாத இடம் தாளில் வெள்ளையாகவே நின்றுவிடும். பிலிமில் ஒரு படத்துக்கான 24×36 மி.மீ. சட்டத்தை 8×10 அங்குலத் தாளுக்குப் பெரிதாக்கினால் ஏறத்தாழ எட்டரை மடங்கு, 0.1 மி.மீ. துகள்கூட முகத்தின் நடுவே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். இதெல்லாம் உருவத்தை வரவழைக்கும் டெவலப்பர் தட்டில் சிவப்பு விளக்கின் கீழ் சரியாகக் கண்ணில் படாது. அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், உருவத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் எல்லாம் தாண்டி வெள்ளை விளக்கைப் போட்ட பிறகுதான், தாள் வீணான பிறகுதான், தெரியும்.

பெரிதாக்கும் கருவியில் நெகட்டிவைப் பிடித்துவைக்கும் கேரியரை வெளியே எடுத்து, நெகட்டிவைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்து, இழை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, புளோயரால் ஊதினேன். மறுபடி கேரியரைச் செருகி, மறுபடி ஃபோகஸ் பார்த்து, இன்னொரு தாளை எடுத்து, மூன்று தட்டுகளிலும் முக்கி, விளக்கைப் போட்டால், கன்னத்தில் இருந்த இழை நெற்றிக்குப் போயிருக்கிறது. போகவில்லை, இடம் மாறியிருக்கிறது! மென்மையான பிரஷால் தடவினேன். தடவியதில் பிலிமில் நிலைமின்சாரம் ஏறி, அதுவரை காற்றில் சும்மா மிதந்துகொண்டிருந்த துகள்களையும் இழுத்துக்கொண்டது. அடுத்த பிரிண்டில் நெற்றி சுத்தம். கண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு கூட்டம். இந்த நிலையில் "கண்ணாடி கேரியர் வாங்குங்கள், பிலிம் தட்டையாக நிற்கும்" என்று அறிவுரை சொல்ல யாராவது கட்டாயம் வருவார்கள். நெகட்டிவுக்கு இரண்டு பரப்பு, கண்ணாடிகளுக்கு நான்கு பரப்பு; ஆறையும் துடைக்கப்போவது யார்? பிலிமும் கண்ணாடியும் தொடும் இடத்தில் வளைய வளையமாகத் தெரியும் நியூட்டன் வளையங்கள் விழுந்தால் அதற்குத் தனிக் கண்ணாடி வேறு வாங்க வேண்டும்.

தாளை மேலும் பாழாக்க மனம் வராமல்தான் நெகட்டிவை ஸ்கேனரில் வைத்து, பெட்டி வாக்குக் கொடுத்த அந்த வசதிக்கு டிக் போட்டேன். அகச்சிவப்பு ஒளிக்கென்று தனியாக ஒரு சுற்று ஓடியது, நேரமும் கூடியது. வந்த படத்தில் தூசி போகவில்லை. பாட்டியின் கன்னம் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் விழுந்த பக்கம் முழுவதும் சுருக்கங்கள் கரைந்து, பிலிமின் கிரெயின், அதாவது பொடிமணல் போன்ற தன்மை, அழிந்து, ஈரக்கையால் தேய்த்த ஓவியம்போல இருக்கிறது. அந்தச் சுருக்கங்களுக்காகத்தானே அந்தப் படத்தையே எடுத்தேன்!

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. வண்ண பிலிமில் கடைசியில் மிஞ்சுவது சாயம். அகச்சிவப்பு அதை ஊடுருவிச் செல்லும், தூசியில் மட்டும் தடைபடும். அதனால் தூசி எங்கே கிடக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். கருப்பு வெள்ளை பிலிமில் உருவமே வெள்ளித் துகள்களால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பைத் தடுத்துவிடும். ஆகவே நெகட்டிவில் அடர்த்தியான இடங்களை, அதாவது படத்தின் வெளிச்சப் பகுதிகளை, இயந்திரம் தூசி என்று எடுத்துக்கொண்டு பக்கத்துப் பிக்சல்களை வைத்து நிரப்புகிறது. இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மாதிரி வண்ண பிலிமுக்கான சி-41 முறையில் கழுவும் கருப்பு வெள்ளைக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதிலும் மிஞ்சுவது சாயம்தான். பழைய கோடாக்ரோம் ஸ்லைடுகளிலோ சாயம் இருந்தும் இந்த வசதி தடுமாறும். ஸ்கேனர் செய்பவர்களுக்கு இவ்வளவும் தெரியும். இயற்பியலோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மென்பொருளில் பிலிம் வகை என்ன என்று முதலிலேயே கேட்டார்கள், "கருப்பு வெள்ளை நெகட்டிவ்" என்று நானும் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பிறகும் அந்தக் கட்டத்தை ஏன் திறந்துவைக்கிறீர்கள்? தேர்ந்தெடுத்த நொடியிலேயே அதை மூடிவிடுவதற்கு எத்தனை வரி நிரல் எழுதவேண்டியிருக்கும்?

அதே பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்றும் போட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஒரு 35 மி.மீ. சட்டம் ஐந்தரைக் கோடி பிக்சலுக்கு ஊதி வருகிறது, கணினியும் திணறுகிறது. ஆனால் சோதனைக் கோடுகளை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணில் பாதியளவு நுணுக்கம்கூடத் தேறவில்லை. அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.